நந்தன் கேட்ட லீவு: கோபாலகிருஷ்ண பாரதியை மீளக் கேட்டல்

1

சென்ற புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை, நியூ ஜேர்சியில் எடிசனுக்கு அண்மையில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்த கச்சேரியில் இருந்துதான் இக்கட்டுரை தொடங்குகிறது. பாடியவர் சென்னையிலிருந்து வந்தவர். தேர்ந்த வித்துவான். அவரைக் குறைகூறுவது என் நோக்கமல்ல என்பதால் பெயர் வேண்டாம்.

அந்தச் சனிக்கிழமை எனக்குச் சும்மா கிடைக்கவில்லை. நான் இப்போது அழகுசாதனப் போத்தல்களுக்கு மூடி இறுக்கும் ஒரு தொழிற்சாலையில் லைனில் நிற்கிறேன். பருவகாலத்தில் சனிக்கிழமை ஓவர்ரைம் கட்டாயம். ‘வரமாட்டேன்’ என்று சொல்ல முடியாது. ‘வராமல் விடலாமா’ என்று கேட்க வேண்டும். கேட்டேன். சுப்பவைசருக்கு என் மகனின் வயதுதான் இருக்கும். அவரும் வேறொரு நாட்டிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவர்தான். “இந்த ஓடரை வெள்ளி இரவுக்குள் முடித்துவிட்டு எங்கேயும் போ” என்றார். சாதாரணமாக இரண்டு நாள் எடுக்கிற ஓடர் அது. முடித்தோம். எனக்கு உதவிசெய்யச் சிவகணங்கள் வரவில்லை. ஒரு குவாத்தமாலாப் பெண்ணும் ஒரு ஹெயிற்றிக்காரரும் தங்கள் இடைவேளையை விட்டுக் கைகொடுத்தார்கள்.

கச்சேரி வழமையான ஒழுங்கில் நடந்தது. வர்ணம், பிள்ளையார் பாட்டு, தியாகராஜர், தீட்சிதர், பிரதான உருப்படியாக விரிவான ஒரு சங்கராபரணம். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதிச் சபை கோப்பி குடிக்க எழும்பியது. திரும்பி வந்து அமர்ந்தபோது ‘துக்கடா’ நேரம். அதில் இரண்டாவதாக மாஞ்சி ராகத்தில் ‘வருகலாமோ’ வந்தது. நான்கு நிமிடம். பக்கத்திலிருந்தவர் கண்ணை மூடித் தலையசைத்து, “என்ன பக்தி!” என்றார்.

எனக்கு அந்த நான்கு நிமிடத்தில் பக்தி தோன்றவில்லை. வெள்ளி இரவு தோன்றியது. இருபது வருடங்களாக எனக்குத் தெரியும் என்று எண்ணியிருந்த ஒரு பாட்டு, ஒரு மனிதன் உள்ளே வர அனுமதி கேட்கும் பாட்டு என்பது அப்போதுதான் காதில் விழுந்தது. அதுவும் அவன் கேட்கும் இரண்டாவது அனுமதி. முதலாவதை வேறொருவரிடம் கேட்டு, பெற்று, அதற்கான விலையையும் செலுத்திவிட்டுத்தான் அவன் தில்லை எல்லைக்கு வந்திருக்கிறான்.

2

இங்கு வளரும் நம் பிள்ளைகள் கர்நாடக இசையைப் பெரும்பாலும் மூன்று பெயர்களால் அறிகிறார்கள். தியாகராஜர் (1767–1847), முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835), சியாமா சாஸ்திரிகள் (1762–1827). மூவரும் திருவாரூரில் பிறந்தவர்கள். கிளீவ்லாந்தில் 1978இல் தொடங்கிய தியாகராஜ ஆராதனை இன்று இந்தக் கண்டத்தின் மிகப்பெரிய கர்நாடக இசை விழா. இந்தியத் தமிழர், தெலுங்கர், கன்னடர், ஈழத்தவர் என்று வேறு எதற்கும் ஒன்றாக உட்காராதவர்கள் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற ஐந்து ராகக் கீர்த்தனைகளைப் பாட ஒன்றாக உட்காருகிறார்கள். இதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. பஞ்சரத்தினத்தின் கட்டுக்கோப்பு, ஒவ்வொரு சரணத்திலும் ராகம் புதிதாய்த் திறக்கும் விதம், இவற்றுக்கு முன்னால் யாரும் தலைவணங்கத்தான் வேண்டும்.

ஆனால் ‘மும்மூர்த்திகள்’ என்ற வரிசைப்படுத்தலே ஒரு விமர்சனத் தீர்ப்பு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். தமிழில் கீர்த்தனை வடிவத்தை வளர்த்த முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப்பிள்ளை, ‘இராம நாடகம்’ செய்த அருணாசலக் கவிராயர் ஆகியோர் இவர்களுக்கு முந்தியவர்கள். அவர்களுக்குச் ‘சீர்காழி மூவர்’ என்று தனியாக ஒரு பெயர். கச்சேரியில் தனியாக ஓர் இடம், கடைசியில். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) வடிவமைத்ததாகச் சொல்லப்படும் இன்றைய கச்சேரி முறையில், தனி ஆவர்த்தனத்துக்கு முன் வருவது சங்கீதம், பின் வருவது இளைப்பாறல் என்று ஒரு கோடு விழுந்துவிட்டது. தமிழ்ப்பாட்டுகள் பெரும்பாலும் கோட்டுக்கு அப்பால் நின்றன.

1940களின் தமிழிசை இயக்கம் இதை எதிர்த்தது. 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாநாடு, 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம். 1946இல் திருவையாற்றில் தண்டபாணி தேசிகர் தமிழில் பாடியது சர்ச்சையாகி, இளைஞரான மு. கருணாநிதி ‘குடி அரசு’வில் ‘தீட்டாயிடுத்து’ என்று எழுதினார். அதே தேசிகர் 1942இல் ஜெமினியின் ‘நந்தனார்’ படத்தில் நந்தனாக நடித்தவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரையில் தீட்டுப்பட்டவனாக நடித்தவர், நான்கு வருடம் கழித்து மேடையில் அதே சொல்லைச் சந்திக்க நேர்ந்தது.

எனினும் தமிழிசை இயக்கம் கேட்ட கேள்வி எந்த மொழியில் பாடுவது என்பதே. பாட்டுக்குள் யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், பேசுவதற்கு அவருக்கு நேரம் எங்கிருந்து கிடைத்தது என்பவை கேட்கப்படவில்லை. நந்தனார் கீர்த்தனைகள் ‘தமிழ்’ என்பதால் மீட்கப்பட்டன. கதையிலிருந்து பிய்த்தெடுக்கப்பட்ட நிலையில்தான் மீட்கப்பட்டன.

3

கோபாலகிருஷ்ண பாரதி நாகப்பட்டினத்துக்கு அண்மையிலுள்ள நரிமணத்தில் பிறந்தவர். மாயவரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் நெடுங்காலம் வாழ்ந்து, திருமணம் செய்யாமல், 1896இல் மறைந்தார். தியாகராஜரைத் திருவையாற்றில் சந்தித்தவர். அங்கே ஆபோகி ராகக் கீர்த்தனையைக் கேட்டு, தாமும் அந்த ராகத்தில் தில்லைச் சபாபதியைப் பற்றி ஒன்று செய்தார் என்பதை உ.வே. சாமிநாதையர் பதிவுசெய்திருக்கிறார். சாமிநாதையர் பாரதியிடம் சிலகாலம் இசை பயின்றவர்.

‘நந்தனார் சரித்திரம்’ காரைக்காலில் கதாகாலட்சேபமாகப் பெரும் வரவேற்புப் பெற்று, சீசே என்ற பிரெஞ்சு அதிகாரியின் ஆதரவுடன் 1860களின் தொடக்கத்தில் அச்சேறியது. கீர்த்தனை, தரு, கண்ணி, நொண்டிச்சிந்து, விருத்தம் எனப் பல வடிவங்கள் அதில் மாறிமாறி வருகின்றன. கச்சேரிக் கீர்த்தனைகளின் தொகுப்பு அல்ல அது; ஒரு முழு நாடகம். நந்தன் பேசும்போது ஒரு நடை; சேரிக் கிழவர்கள் அவனைத் தடுக்கும்போது வேறொரு நடை; நிலக்கிழாரான வேதியர் சீறும்போது இன்னொன்று. இவற்றுள் நந்தன் உருகும் சில பாட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவனோடு வாதாடியவர்களின் குரலை நாம் விட்டுவிட்டோம். ஒரு வழக்கில் பிரதிவாதியின் கண்ணீரை மட்டும் வைத்துக்கொண்டு குறுக்குவிசாரணையைக் கிழித்துப் போட்டது போல.

கதையின் மூலம் சேக்கிழார். பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுப்பது அவர் தொண்டு. திருப்புன்கூரில் நந்தி விலகுகிறது. தில்லையில் மதிலைச் சுற்றிச்சுற்றி வருகிறார். இறைவன் கனவில் சொன்னபடி தீயில் மூழ்கி, பூணூலோடு முனிவராக வெளியே வருகிறார். சேக்கிழாரில் ஆண்டை இல்லை. லீவும் இல்லை. ‘நாளை போவேன்’ என்று அவர் நாளைத் தள்ளுவது, தன் பிறப்பை எண்ணித் தானே தயங்குவதால்.

ஆண்டையைக் கொண்டுவந்தவர் பாரதி. அவரது நந்தன் ஒரு வேதியரின் பண்ணையாள். சிதம்பரம் போக உத்தரவு கேட்கிறான். வேதியர் திட்டுகிறார், தள்ளிப்போடுகிறார், ஈற்றில் நாற்பது வேலி நிலத்தையும் உழுது நட்டு அறுத்துவிட்டுப் போ என்கிறார். ஒரு வேலி ஏறத்தாழ ஆறேமுக்கால் ஏக்கர். நாற்பது வேலி இருநூற்று அறுபது ஏக்கருக்கு மேல். ஓர் இரவில் சிவகணங்கள் வந்து முடித்துவிடுகின்றன. விடிந்ததும் விளைந்து கிடக்கும் நெல்லைக் கண்ட வேதியர் நந்தன் காலில் விழுகிறார்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் கொடுக்கத் தயங்கினார் என்பது பலருக்குத் தெரிந்த கதை. இலக்கண வழுக்கள் ஒரு காரணம்; மூலத்திலிருந்து கதை விலகியது மற்றொன்று. பாரதி பாடக் கேட்டு மனம் இளகித்தான் அவர் எழுதிக் கொடுத்தார். நாவலர் 1852இல் பெரியபுராணத்தை வசனமாக்கித் தந்த மரபில் படித்த யாழ்ப்பாணத்தானாகிய நான் மகாவித்துவானின் முதல் தயக்கத்தோடு மட்டும் நின்றுவிட்டவன். “ஆண்டை, நாற்பது வேலி எல்லாம் பாரதியின் கற்பனை, பரீட்சையில் எழுத வேண்டாம்” என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தேன். வருடாவருடம்.

4

இப்போது அதைத் திருப்பிச் சொல்கிறேன். பாரதி இட்டுக்கட்டிய பகுதிதான் இப்படைப்பின் உண்மையான பகுதி.

தியாகராஜரின் கீர்த்தனைகளில் பெரும்பாலும் இருவர்தான் உண்டு: பாடுபவரும் இராமனும். அவர்களுக்கிடையே ஊடல், முறைப்பாடு, சரணாகதி எல்லாம் உண்டு. ஆனால் இராமனிடம் பேசுவதற்கு அவர் யாரிடமும் உத்தரவு வாங்கத் தேவையில்லை. அவரது நேரம் அவருடையது. சரபோஜி மன்னரின் அழைப்பை மறுத்தார் என்று போற்றப்படும் கதைகூட, நேரம் தனக்குச் சொந்தமான ஒருவர் அதை விற்க மறுத்த கதையே. பாரதியின் நந்தனுக்கு விற்கவும் நேரமில்லை, மறுக்கவும் நேரமில்லை. அவனுக்கும் தெய்வத்துக்கும் இடையில் மூன்றாவது ஆள் ஒருவர் நிற்கிறார், கையில் நாட்கணக்கோடு. தமிழ்ப் பக்திப் பாடலில் இந்த மூன்றாவது ஆளை இவ்வளவு விபரமாக, குரலோடும் கோபத்தோடும் கொண்டுவந்த வேறொரு படைப்பை நான் அறியேன்.

இது வெறும் கற்பனையல்ல. தஞ்சை வண்டல்மண்ணில் பண்ணையாள் நிலத்தோடு கட்டுண்டவன். 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைமுறைக்கு நீதிமன்ற ஆதரவை நிறுத்தியது. கடனும் குடிசையும் கட்டுவதை நிறுத்தவில்லை. இலங்கைத் தோட்டங்களுக்கும் கடல்கடந்த தீவுகளுக்கும் ஆட்கள் போய்க்கொண்டிருந்த காலம் அது. தன் குடியேற்றங்களுக்குப் பிரித்தானிய இந்தியாவிலிருந்து கூலிகளைத் திரட்டப் பிரான்ஸ் 1861இல் பிரித்தானியாவுடன் உடன்படிக்கை செய்தது. அக்கப்பல்கள் புறப்பட்ட துறைகளில் காரைக்காலும் ஒன்று. ஒரு பிரெஞ்சு அதிகாரி மெச்சிக் கேட்ட கதை, ‘போகட்டுமா’ என்று ஆண்டையிடம் கேட்கும் ஒரு பண்ணையாளின் கதை. பாரதி கப்பலை நினைத்துப் பாடினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் காரைக்காலில் அதைக் கேட்டிருந்த மிராசுதார்களுக்கு, ‘ஆள் போய்விட்டால் நெல் என்னாகும்’ என்ற வேதியரின் கவலையைத் தனியாக விளக்க வேண்டியிருந்திராது.

இனி அந்த அற்புதத்தைப் பாருங்கள். நாற்பது வேலியும் ஓர் இரவில் விளைகிறது. கணங்கள் நந்தனை விடுவித்தன என்று நாம் மகிழ்கிறோம். நெல் யாருக்குப் போனது? வேதியருக்கு. தெய்வம் தலையிட்டும் ஆண்டைக்கு ஒரு மரக்கால் நட்டமில்லை. அற்புதம் வேலைக் கணக்கைக் கிழிக்கவில்லை. ஒழுங்காகத் தீர்த்துக் கொடுத்தது. அதற்குப் பிறகுதான் வேதியருக்கு ஞானம் வருகிறது. என் வெள்ளி இரவிலும் ஓடர் முடிந்தது. தொழிற்சாலைக்கு ஒரு போத்தலும் குறையவில்லை. இதைப் பாரதியின் எல்லை என்று சொல்லலாம். ஆனால் எல்லை எது என்று காட்டும் அளவுக்குக் கணக்கை எழுதி வைத்தவரும் அவரே.

இன்னோர் எல்லையையும் சொல்லவேண்டும். சேரிக் கிழவர்கள் தங்கள் கறுப்பன், வீரன், காட்டேரியை விட்டுப் போகாதே என்று நந்தனைத் தடுக்கிறார்கள். பாரதி அவர்களை அறியாமையின் உருவமாக்கிச் சிரிக்க வைக்கிறார். அவர்களின் அச்சம் நியாயமானது. ஒருவன் போனால் ஆண்டையின் கோபம் சேரி முழுவதன் மேலும் விழும். அந்த அச்சத்துக்கும் அவர் ஒரு பாட்டுக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

5

தீ பற்றி எழுதாமல் நந்தனைப் பற்றி எழுதி முடிக்க முடியாது. அயோத்திதாசப் பண்டிதர் நந்தனைப் பௌத்த மன்னனாக மீட்டெடுத்தார். புதுமைப்பித்தன் ‘புதிய நந்தன்’ எழுதினார். இந்திரா பார்த்தசாரதியின் ‘நந்தன் கதை’யில் தீ, அற்புதம் அல்ல, சதி. இவர்கள் மூவரும் ஒரே இடத்தில்தான் இடறினார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில், இடம்பெயர்ந்து திரும்பி வந்த ஊரில், ஓடு கழன்ற ஒரு வகுப்பறையில் நான் இந்தப் பகுதியைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பின் வாங்கிலில் இருந்த ஒரு மாணவன் எழும்பினான். என்ன பகுதிப் பொடியன் என்று எனக்குத் தெரியும். தெரியாததுபோல நடப்பது எங்கள் பண்பாடு.

“சேர், தீட்டு எண்டு சொன்னது தில்லை ஆக்கள். பிறகு ஏன் சேர் நந்தன் தீக்குள்ள இறங்கவேணும்? இறங்கவேண்டியது அவையள் அல்லோ?”

வகுப்பு சிரித்தது. நான் தீ என்பது ஞானாக்கினி என்றும், ஆன்மாவின் மலம் எரிவதன் குறியீடு என்றும், சித்தாந்த நூல்களைத் துணைக்கழைத்து இருபது நிமிடம் பேசினேன். அவன் “ஓம் சேர்” என்று இருந்துவிட்டான். பரீட்சையில் ஞானாக்கினி என்றே எழுதியிருந்தான். நல்ல புள்ளி போட்டேன். அவனுடைய கேள்வியை அவனைக் கொண்டே அழிக்க வைத்ததற்கான புள்ளி அது.

நான் பிறந்தது 1968. அந்த வருடத்தில்தான் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில், உள்ளே போக வந்தவர்கள் தடுத்து நிறுத்தப்பட்டார்கள். தடுத்து நின்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் இருந்த சி. சுந்தரலிங்கம். அதே வருடம் மார்கழி 25ஆம் நாள், பாரதி பிறந்த அதே நாகப்பட்டினப் பகுதியில், கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளரின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பூணூலோடு யாரும் வெளியே வரவில்லை. இவ்விரண்டும் எனக்கு விரிவுரையாளராக இருந்த காலத்திலேயே தெரியும். ஆனால் ஒரு புத்தகத்தட்டில் இவையும், இன்னொரு தட்டில் நந்தனும் இருந்தன. தட்டுகளுக்கிடையே கை நீட்டிக் காட்டியவன் அந்த மாணவன்.

நாம் இங்கு அகதிகளாக வந்து, விசா மண்டபங்களில் ‘வரலாமா’ என்று கேட்டு நின்றவர்கள். ஆகவே நந்தனின் பாட்டு நம்முடைய பாட்டு என்று உரிமை கோருவது மிகவும் எளிது. அன்றைய மண்டபத்தில் எனக்கும் அந்த ஆசை வந்தது. இக்கட்டுரையின் முதல் பகுதியில் சுப்பவைசரையும் ஓடரையும் இழுத்து வந்ததும் அந்த ஆசைதான். ஆனால் அது பாதி உண்மை. நான் இன்று ஆண்டையிடம் லீவு கேட்பவன்; அன்று தில்லை வாசலில் நின்றவர்களின் பக்கத்து ஆள். ஒன்று மற்றதைக் கழுவிவிடாது. ஊரில் ஆண்டையாய் இருந்தவர்கள் இங்கே கூலியானதால் சாதி கரைந்துவிட்டது என்று நம் கூட்டங்களில் பேசுபவர்கள், தங்கள் பிள்ளைகளின் கலியாணப் பேச்சுகளையும் இதே மூச்சில் சொல்வார்களா?

6

கடைசியாகத் தோல் பற்றி. பாரதி நந்தனை உழவனாக்கியபோது சேக்கிழார் கொடுத்த ஒன்றைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார். கோயில் முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்தவன் அவன். இசையே அவன் கையிலிருந்து போனது. அவன்மட்டும் வெளியே நின்றான். இது பழங்கதை என்று எண்ணுபவர்கள் டி.எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூலைப் படிக்கலாம். மிருதங்கத்துக்கு மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் தேர்ந்து, பதப்படுத்தி, சுருதிக்கு இழுத்துக் கட்டித் தரும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களின் வரலாறு அது. பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் பர்லாந்து என்ற கைவினைஞரின் காது இருந்தது. அந்நூலை வெளியிட முதலில் இடம் கொடுத்த கலாக்ஷேத்திரா பின்னர் அனுமதியை மீளப்பெற்றது. விழா வேறிடத்தில் நடந்தது. இங்கும் கேட்கப்பட்டது ‘வரலாமா’ என்பதே.

ஆகவே என் யோசனை சிறியது. ஆண்டுதோறும் பஞ்சரத்தினம் பாடுகிறோம், பாடுவோம். ஆனால் ஓராண்டு, ஒரு நாள், ‘நந்தனார் சரித்திர’த்தை முழுமையாகப் பாடிப் பார்ப்போம். வேதியரின் வசைப்பாட்டுகளையும் விடாமல், சேரிக் கிழவர்களின் வாதத்தையும் விடாமல். மாஞ்சி அவசரப்பட்டுப் பாடக்கூடிய ராகமல்ல. பைரவிக்குப் பக்கத்தில், ஒவ்வொரு அசைவிலும் நின்று நின்று நகர்வது. நாற்பது வேலிக்குப் பிறகு அந்தப் பாட்டு வருமானால் யாரும் “என்ன பக்தி” என்று சொல்லிக் கண்ணை மூடிவிட முடியாது. மிருதங்கம் கட்டியவரின் பெயரையும் பக்கவாத்தியக்காரரின் பெயரோடு நிகழ்ச்சிநிரலில் அச்சிடுவோம். தீக்குளிப்புக் கட்டத்தை என்ன செய்வது என்று கேட்டால், பாடுவதற்கு முன்னர் நிறுத்தி, அந்த மாணவனின் கேள்வியைச் சபையில் வைப்போம் என்பேன்.

அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. 2009க்குப் பிறகு விசாரிக்கத் துணிவு வரவில்லை. அவனுக்கு நான் இருபது வருடத்துக்கு மேலாகக் கடன்பட்டிருக்கும் பதில் இதுதான்: “ஓம் தம்பி. இறங்கவேண்டியது அவையள்தான். அவையளுக்குள்ள நானும் ஒராள்.”

இக்கட்டுரையை மறுத்து எழுத விரும்புவோர் எழுதட்டும். சித்தாந்தம் தெரிந்தவர்கள் எழுதினால் இன்னும் நல்லது. ஆனால் ஞானாக்கினி என்று மட்டும் எழுதவேண்டாம். அதற்கு நான் ஏற்கெனவே புள்ளி போட்டுவிட்டேன்.